புல்லுக்குப் போர்வை

ஏற்காடு
12.11.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மரியபுஷ்பம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பொய். ஜெயகுமாரி அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஊட்டிக் குளிர் அதைச் சும்மா விடாதே.

போன மாதம் பங்களாவுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறின என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பில் விரிசல். சேலத்தில் பார்த்துவிட்டு, ஆறு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் பதறுவீர்கள் என்று எழுதாமல் இருந்தேன். இனி எழுதாமல் முடியாது.

பங்களாத் தோட்டத்தைப் பார்க்கிற மாலி வேலை அவர் பேரில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. மேனேஜர் வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "லாசரு எந்திரிக்கிற வரைக்கும் நீயே பாரும்மா. பிப்ரவரி அஞ்சாந்தேதி முதலாளி பொண்ணு கல்யாண விருந்து இந்தப் புல்தரையிலதான். அன்னிக்குப் புல்லு பச்சையா இருந்துதுன்னா வேலையும் உனக்கு, ஊடும் உனக்கு. இல்லீன்னா வேற ஆளப் பாக்கோணும். அப்பறம் வருத்தப்படக் கூடாது" என்றார்.

எனக்குக் களையெடுக்கத் தெரியும். ரோஜாவைக் கவாத்துப் பண்ணத் தெரியும். இந்தப் புல்தான் பயமாக இருக்கிறது. வருஷா வருஷம் மார்கழியில் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் விழும். காரணம் கேட்டால் "பனி" என்பார் இவர். இப்போதே பனி கொட்டுகிறது. காலை எட்டு மணிக்கும் புல்லெல்லாம் பனியாக இருக்கிறது.

நீங்கள் பதினெட்டு வருஷமாக ஊட்டி கிளப்பில் புல் வளர்க்கிறவர். பனியிலிருந்து புல்லைக் காப்பாற்ற அங்கே என்ன செய்கிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள். புல்லுக்குக் குளிருமா? குளிரும் என்றால் எந்த இடத்தில் குளிரும், நுனியிலா வேரிலா?

பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
புஷ்பம்


ஊட்டி
20.11.1983

பாசமுள்ள தங்கச்சி புஷ்பத்துக்கு,

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் எழுதுவது. உன் கடிதம் வந்த அன்றைக்கு உன் அண்ணி மாப்பிள்ளைக்காக ஜெபமாலை சொன்னாள். நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். விழுந்த அன்றைக்கே எழுதாததற்கு உன்னை நேரில் வந்து திட்டுவேன். அண்ணியின் மூட்டு அப்படியேதான், வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

புல் விஷயத்துக்கு வருகிறேன். நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். பனி என்பது புல்லுக்கு எமன். விடிகிற நேரத்தில் இங்கே கிளப் மைதானத்தைப் பார்த்தால் சர்க்கரை கொட்டி வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். அப்படியே வெயில் பட்டால் புல் வெந்துபோகும். அதனால் சூரியன் வருவதற்கு முன்னால் குழாயைப் பிடித்து நன்றாகத் தண்ணீர் அடித்துவிட வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் புல்லைப் போர்த்த வேண்டும். பெரணிச் செடியை வெட்டி, இடைவெளி இல்லாமல் பரப்பு. கனமாக இருக்கட்டும். பனி உள்ளே இறங்கவே கூடாது.

பனி இருக்கும்போது அதன்மேல் யாரையும் நடக்க விடாதே. அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் காலடி காலடியாகப் புல் கறுத்துக் கிடக்கும். போன வருஷம் ஒரு வெள்ளைக்காரர் அதிகாலையில் நடந்து போய்விட்டார். அவர் எந்த வழியாகப் போனார், எங்கே நின்று சுருட்டுப் பற்ற வைத்தார் என்று ஒரு வாரம் கழித்துப் புல்லே காட்டிக் கொடுத்தது.

குளிர்வது எங்கே என்று கேட்டாய். பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. நுனியில் என்றுதான் நினைக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையை அசையாமல் படுக்கச் சொல்.

அண்ணன்,
ஸ்தனிஸ்லாஸ்


ஏற்காடு
4.12.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

புஷ்பம் வணக்கம் சொல்லி எழுதுவது. அவர் இப்போது தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருகிறார். கஞ்சியைத் தானே குடிக்கிறார். அண்ணிக்கு முடக்கத்தான் கீரை காயவைத்து இத்துடன் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்கிறேன். வெள்ளக்கடைப் பக்கம் போய் ஏழு சுமை பெரணி வெட்டி வந்தேன். சாயங்காலமானால் போர்த்துகிறேன், காலையில் எடுத்துவிட்டுத் தண்ணீர் அடிக்கிறேன். காப்பி பறிக்கப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று சிரிக்கிறார்கள். அதிலும் குப்பாயி இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. "ஏனுங்க மாலியம்மா, புல்லுக்குப் போர்வை போட்டாச்சு, தலகாணி எப்பங்க வெக்கப் போறீங்க?" என்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். பிப்ரவரியில் பார்ப்போம்.

காலடி கறுக்கும் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே கிழக்கு ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பனி நிறைய இருக்கும்போது பத்து அடி நடந்தேன். கால் வைத்த இடமெல்லாம் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. ஒரு அடிகூடக் கறுக்கவில்லை. அழுத்தி நடக்கவில்லையோ? வெள்ளைக்காரர் பூட்ஸ் போட்டிருந்தார், நான் வெறுங்காலோடு நடந்தேன். அதனால் இருக்குமா?

இவர் படுத்துக்கொண்டே ஏதேதோ சொல்வார். அதை விடுங்கள்.

அன்புத் தங்கை,
புஷ்பம்


ஊட்டி
11.12.1983

பாசமுள்ள புஷ்பத்துக்கு,

உன் அண்ணன். கீரைப் பொட்டலம் கிடைத்தது. அண்ணி ரசம் வைத்துக் குடித்தாள், நேற்று கோயில் படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினாள். மாப்பிள்ளை உட்காருவதாக எழுதியது மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

காலடி கறுக்காததற்கு ஏன் கவலைப்படுகிறாய்? இன்னும் பனி முற்றவில்லை, அவ்வளவுதான். மார்கழி பிறக்கட்டும். அது தன் வேலையைக் காட்டும். அதற்குள் நீ போர்வையைக் கனமாக்கு. ஒரு சாண் உயரம் இருக்கட்டும். காலையில் எடுக்கச் சோம்பலாக இருந்தால், வெயில் இல்லாத நாட்களில் எடுக்காமலே விட்டுவிடு. தண்ணீரை மட்டும் விடாதே. நல்ல தெளிப்பாக, புல் குளிக்கிற மாதிரி அடி.

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று நீ எழுதவில்லை. அவர் நல்ல உழைப்பாளி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பங்களாப் புல்லைப் பார்ப்பதும் கிளப் மைதானத்தைப் பார்ப்பதும் ஒன்றாகாது. இங்கே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பெரிய பெரிய பங்களா மாலிகள் எல்லாம் கத்தரியைக் கையில் எடுக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

காலையில் புல்மேல் வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. வெள்ளை தெரிந்தால் அதுதான் பனி. அன்றைக்கு இரண்டு மடங்கு தண்ணீர்.

கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து வர்க்கி அனுப்புகிறேன்.

உன் அண்ணன்


ஏற்காடு
26.12.1983

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பிறந்த பாலன் உங்கள் வீட்டை ஆசீர்வதிக்கட்டும். வர்க்கி வந்தது. பாதி நொறுங்கியிருந்தது, ருசி நொறுங்கவில்லை. அவரைப் பூசைக்குத் தூக்கிப் போக முடியவில்லை. சாமியாரே வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்தார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணா, வெள்ளை வந்துவிட்டது! பத்தொன்பதாம் தேதி காலையில் பெரணியைத் தூக்கினேன். அடியில் புல்மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் அண்ணன் சொன்ன பனி எங்கள் மலைக்கும் வந்தது என்று இரண்டு மடங்கு தண்ணீர் அடித்தேன். தினமும் அடிக்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் சர்க்கரை போல என்று எழுதினீர்கள். இது சர்க்கரை போல இல்லை. பஞ்சு போல, நூல் நூலாக, எட்டுக்கால் பூச்சி வலை போல இருக்கிறது. விரலால் எடுத்துப் பார்த்தேன், ஜில்லென்றும் இல்லை. வெயில் வந்ததும் சுருங்கி எங்கேயோ போய்விடுகிறது. ஊட்டிப் பனி கரையும்போது சத்தம் கேட்குமா? இதில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாசனைதான் இருக்கிறது. பனிக்கு வாசனை உண்டா அண்ணா?

மற்றபடி எல்லாம் பரவாயில்லை.

புஷ்பம்


ஊட்டி
3.1.1984

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் சொல். இங்கே நேற்று குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, அண்ணி வெந்நீர் ஊற்றித்தான் திறந்தாள்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். பஞ்சு போல என்கிறாய், வாசனை என்கிறாய். பனிக்கு வாசனை கிடையாது. நான் மோந்து பார்த்ததில்லை என்பதால் இன்று விடிந்ததும் மைதானத்தில் குனிந்து மோந்தே பார்த்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வாசனை ஒன்றும் இல்லை. மூக்குத்தான் மரத்துப்போனது.

ஒன்று செய். அகலமான தட்டு ஒன்றில் விரல்கடை உயரம் தண்ணீர் ஊற்றிச் சாயங்காலம் புல்லின்மேல் வெட்டவெளியில் வைத்துவிடு. காலையில் தட்டில் எவ்வளவு கனத்துக்கு உறைந்து கல்லாகியிருக்கிறது என்று அளந்து எழுது. அதை வைத்து உங்கள் ஊர்ப் பனியின் பலத்தைச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. "மற்றபடி பரவாயில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நீ அப்படி எழுதுகிறவள் இல்லையே. புல் என்ன நிறத்தில் இருக்கிறது?

உடனே எழுது.

ஸ்தனிஸ்லாஸ்


ஏற்காடு
9.1.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

புஷ்பம் எழுதுவது. அவர் கால் விரல்களை நன்றாக அசைக்கிறார். உங்களுக்கும் அண்ணிக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்து.

தட்டு வைத்தேன். ஒரு நாள் அல்ல, நான்கு நாள் வைத்தேன். முதல் நாள் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வைத்த இடம் சரியில்லையோ என்று இரண்டாம் நாள் தரையின் நடுவில் வைத்தேன். அன்றைக்கும் தண்ணீர்தான், ஊற்றினதைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு காக்கை அதில் குளித்துக்கொண்டிருந்தது. நேற்று காலை குனிந்து பார்த்தேன், என் முகம் தெரிந்தது. ஜில்லென்று இருந்தது, ஆனால் கல் இல்லை.

தண்ணீர் எதற்காகக் கல்லாக வேண்டும்? இங்கே ஒரு நாளும் ஆனதில்லையே. குப்பாயியைக் கேட்டேன், அவள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். "தண்ணி கல்லாவறதா? ஐஸ் பேக்டரியிலதானுங்க ஆவும்" என்றாள்.

மேனேஜர் ஒருமுறை வந்து பார்த்தார். செருப்பு நுனியால் பெரணியைக் கிளறினார். திரும்பிப் போய்விட்டார்.

புஷ்பம்


ஊட்டி
16.1.1984

அன்புள்ள நாத்தனார் புஷ்பத்துக்கு,

ஜெயகுமாரி எழுதுவது. உன் அண்ணன் எழுதாமல் நான் எழுதுகிறேனே என்று பயப்படாதே, அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் மூட்டும் உன் கீரையால் தேவலை.

உன் கடிதம் வந்தபோது அவர் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். படித்தார். திரும்பவும் படித்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார், தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. "என்னங்க?" என்றேன். "நம்மூருல பனின்னா வேறயடி. வெறும் ஈரம். காப்பிச் செடிக்குள்ள பூந்து வந்தா முட்டி வரைக்கும் நனையுமே, அதுதான் பனி. நானு அந்த மலையிலயே பொறந்துட்டு, அத மறந்து, ஊட்டிப் பனிக்கு வைத்தியம் சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பொங்கலன்றைக்கும் மேசையை விட்டு எழவில்லை. காகிதம் எடுத்து, "அன்புள்ள தங்கச்சிக்கு" என்று எழுதி, கிழித்துப் போடுகிறார். இதுவரை ஆறு காகிதம் கிழித்தாயிற்று. பெரணியும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கிளப்பில் எல்லோரையும் கேட்கிறாராம். என்ன பதில் கிடைத்தது என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

புஷ்பம், நாம் பொம்பளைகள். எனக்காவது உள்ளதைச் சொல். புல் எப்படி இருக்கிறது?

உன் அண்ணி,
ஜெயகுமாரி


ஏற்காடு
19.1.1984

என் அன்பான அண்ணிக்கு,

புஷ்பம் எழுதுவது. இதை அண்ணனிடம் காட்டாதீர்கள். மாதா மேல் ஆணை.

புல் அழுகிவிட்டது அண்ணி. பாதிக்குமேல் போயிற்று. பெரணியைத் தூக்கினால் ஊறின வைக்கோல் நாற்றம். விரலால் இழுத்தால் புல் வேரோடு குழகுழவென்று வருகிறது. நடுவில் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு வெறும் கறுப்புத் தரை. விருந்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது.

அண்ணனுக்கு எப்படி எழுதுவேன்? அவர் எவ்வளவு ஆசையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் மேல் ஒரு வார்த்தை பழி வருமே என்று நிறத்தைப் பற்றி எழுதவே இல்லை. ஆனால் இன்னொன்றும் எழுதாமல் விட்டேன், அதுதான் என்னை அறுக்கிறது.

முதல் நாள் பெரணிக் கட்டோடு வந்தபோதே இவர் கேட்டார். "என்ன புள்ள, புல்ல மூடவா போற? நானு பன்னெண்டு வருசமா ஒருநாளும் மூடுனதில்ல. நம்ம பனி ஈரம். மூடினா மூச்சு முட்டிப் போவும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊட்டிக் கிளப்புல இருக்கறவருக்குத் தெரியாதது, மரத்துல இருந்து விழுந்து கெடக்கற உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் அண்ணி. அவர் அதற்கப்புறம் புல் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார். வெள்ளை வந்தது என்று குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது மட்டும், "ஊறுகாச் சாடியில பூக்குமே, அந்த மாதிரியா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவர் விழுவதற்கு முன்னால் விடிந்ததும் ஒரு நீளக் கயிற்றைப் புல்மேல் போட்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு நடப்பார். வேலை செய்வதாகப் பாவனை காட்டுகிறார் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்தேன். ஈரத்தை உதறுவதற்கு என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கட்டின புருஷனிடம் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட ஏன் கயிறு இழுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஊட்டிப் பனியைப் பற்றி மட்டும் கேள்வி கேள்வியாகக் கேட்டேன்.

வீடு போய்விட்டால் இவரை எங்கே கிடத்துவேன்?

புஷ்பம்


ஊட்டி
23.1.1984

புஷ்பம்,

அண்ணிமேல் கோபப்படாதே. அவள் காட்டவில்லை. அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள், நானே தேடி எடுத்துப் படித்தேன்.

உன் புல்லைக் கெடுத்தது நான். இதை எழுதத்தான் ஆறு காகிதம் கிழித்தேன். நீ காலடி கறுக்கவில்லை என்று எழுதினாய், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பஞ்சு என்றாய், வாசனை என்றாய், நீ ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினாய். நான் படித்துப் படித்து என் பெருமையையே பதிலாக எழுதினேன். அது பனி அல்ல, பூசணம். ஈரத்தில் மூடினால் வருவது. நான்தான் மூடச் சொன்னேன், நான்தான் தண்ணீரும் அடிக்கச் சொன்னேன்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஊட்டிப் புல் தெரியும், உங்கள் ஊர்ப் புல்லைத் தெரிந்தவர் உன் வீட்டிலேயே படுத்திருக்கிறார். அவரிடம் போய் உட்கார். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளை என்று நான் அவரை வாயால் கூப்பிட்டிருக்கிறேன், மனதில் அவரை ஒரு படி கீழேதான் வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடு.

வீடு போனால் எங்கள் வீடு இருக்கிறது. சின்னதுதான். ஆனால் நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்


ஏற்காடு
7.2.1984

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

புஷ்பம் எழுதுவது. இரண்டு பேரும் என்மேல் வருத்தமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் கடிதம் போடாததற்குக் காரணம், கையில் மண் காயவே இல்லை.

உங்கள் கடிதத்தை அப்படியே இவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு படி கீழே என்ற வரியையும் விடவில்லை. கேட்டுவிட்டு, "உங்கண்ணன் நல்ல மனுசன். எழுதாம இருந்திருக்கலாம், எழுதுனாரு பாரு" என்றார். பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். மரத்திலிருந்து விழுந்ததைச் சொல்லிக் காட்டினேனே, அதற்காக அழுதேன். "சரி சரி, மூக்கச் சிந்திட்டு வா, வேலை கெடக்குது" என்றார்.

குப்பாயியும் இன்னும் மூன்று பெண்களும் கட்டிலோடு அவரைத் தூக்கி வந்து புல்லோரம் வைத்தார்கள். "லாசரண்ணனுக்குத் தேர் ஓடுதுங்கோ!" என்று கூவிக்கொண்டே வந்தாள் அவள். அவர் அங்கிருந்தே கை நீட்டினார். பம்ப் ஹவுசுக்குக் கீழே இருக்கிற புல்தான் இதற்குச் சேரும் என்றார். அதை மண்ணோடு சதுரம் சதுரமாகப் பெயர்த்து வந்து, அழுகின இடத்தைச் சுரண்டிவிட்டுப் பதித்தோம். விடிந்ததும் கயிறு இழுத்தேன். பத்து நாளில் பாதி பிடித்துக்கொண்டது. மீதி ஒட்டுப்போட்ட சேலை மாதிரி இருந்தது. பார்க்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். வீடு போய்விடும் என்று பாத்திரங்களைக்கூட எடுத்துக் கட்டி வைத்தேன்.

நான்காம் தேதி பந்தல்காரர்கள் அடிவாரத்திலிருந்து லாரியில் வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புல்தரை முழுக்க ஒரு மூலை விடாமல் ஜமக்காளம் விரித்துவிட்டார்கள்! நான் ஓடிப்போய், "ஏனுங்க, புல்லு தெரியோணுமில்லீங்களா?" என்றேன். "தரையெல்லாம் ஈரமா கெடக்குதும்மா. பொம்பளைங்க பட்டுச்சேல என்னாவறது?" என்று கேட்டான் அந்த ஆள். மூன்று மாதம் நான் செத்துப் பிழைத்த புல்லை ஐந்நூறு பேர் மிதித்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் ஒரு புல் படவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

நேற்று பந்தலைப் பிரித்து ஜமக்காளத்தைச் சுருட்டினார்கள். மேனேஜர் வந்து தரையை ஒரு சுற்று நடந்து பார்த்தார். "முதலாளி பாக்கல. நானு போன மாசமே பாத்துட்டேன். பாதிப் புல்லு செத்துருந்துது. இந்த வருசம் பனி நொம்ப அதிகமா?" என்று கேட்டார்.

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரே எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் எனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. "பனி இல்லீங்க சார். நான்தான் பெரணி போட்டு மூடி, தண்ணியும் அடிச்சு அழுக வெச்சேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். குச்சி நட்டது, பூசணம், கயிறு, எதையும் விடவில்லை. உங்கள் பேரை மட்டும் சொல்லவில்லை.

மேனேஜர் குனிந்து ஒட்டுப்போட்ட புல்லை விரலால் இழுத்துப் பார்த்தார். "பன்னெண்டு வருசமா லாசரக் கேட்டா பனிங்க, பனிங்கன்னுதான் சொல்லுவான். அதுக்கு மேல அவனும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. கயிறு இழுக்கறதப் பாத்துச் சோம்பேறின்னு ரெண்டு தரம் வஞ்சிருக்கறேன். இந்தப் புல்லு ஏன் கெடுதுன்னு நீதாம்மா சொல்லியிருக்கற. கெடுத்து வேற பாத்துட்ட. இனி ஒருக்காக் கெடுக்க மாட்டயில்ல?" என்றார்.

மாட்டேனுங்க என்றேன். அப்படியே என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போய் மாலி என்ற இடத்தில் என் பேரை எழுதச் சொன்னார். வீடும் எங்களுக்குத்தான்.

ஓடி வந்து இவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு கேட்டார். "எம் பேர அடிச்சுட்டாங்களா?"

அடித்துவிட்டார்கள் என்றேன். ஒரே கோடு, நான் பார்க்கும்போதே அடித்தார் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர். அதை மட்டும் மறைத்திருக்கலாம். ஆனால் இந்த மூன்று மாதத்தில் மறைத்ததே போதும் என்று இருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் காப்பி கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

இன்று காலை நான் கிளம்பும்போது கண்ணைத் திறக்காமலே பேசினார். "பந்தக்கால் குழியில தண்ணி நிக்கும். மொதல்ல மண்ணப் போட்டுத் தட்டு, மாலி" என்றார்.

புள்ள என்று கூப்பிடவில்லை அண்ணா. மாலி என்றார். வாசலைத் தாண்டுகிற வரைக்கும் தாங்கிக்கொண்டு, அப்புறம் புல்லில் உட்கார்ந்து அழுதேன். குழிகள் மொத்தம் முப்பத்தாறு. பதினொன்று மூடியாயிற்று. மீதிக்குப் போக வேண்டும், அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அண்ணியின் மூட்டுக்கும் உங்கள் மனதுக்கும் சுகம் வேண்டி,
மரியபுஷ்பம்